நெடுந்துப்பாக்கியின் முன்கட்டை



மரவேலையில் எவ்வளவு மரத்தை நீக்குவது, எங்கே நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ள நல்லதோர் எடுத்துக்காட்டை இன்று காண்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் வட்டாரத்தில், 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசிய கைவினைஞர்கள் நெடுந்துப்பாக்கிகளைச் செய்தார்கள். குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. குழல் மட்டுமே பெரும்பாலும் 40 அங்குலத்துக்கு மேல் நீளும். அதைத் தாங்கும் மேப்பிள் மரக்கட்டை குழலின் நுனிவரை செல்லும்.

கட்டையின் மேற்புறத்தில் எண்கோணக் குழல் பதிய ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அடிப்புறத்தில், கெட்டிக்கும் கோலுக்கு ஒரு பள்ளம். கோலின் பின்பகுதி மரத்துக்குள் ஒரு துளையில் மறைந்துவிடும். குழலுக்கும் அந்தத் துளைக்கும் இடையே நிற்கும் மரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். துளையிடும் கருவி சற்று விலகினாலும் குழற்பள்ளத்துக்குள் புகுந்துவிடும். அல்லது வெளியே வந்துவிடும். பல நாள் உழைப்பு வீணாகும்.

இந்த அச்சத்தால் புதிதாகச் செய்பவர் முன்கட்டையில் மரத்தை மிகுதியாக விட்டுவிடுகிறார். துப்பாக்கியின் முன்புறம் கனக்கிறது. பார்வைக்கும் வேலிக்கால் போல் தெரிகிறது. பழைய கைவினைஞர்களின் கட்டையிலோ, குழலின் பக்கவாட்டில் நிற்கும் மரம் 2, 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அது குழலின் பாதி உயரத்தோடு நின்றுவிடும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கைவேலைப் பாடம் உண்டு. சதுரச் சட்டத்தை உருண்டைக் கோலாக்கச் சொன்னார்கள். நான் அவசரப்பட்டு எடுத்தவுடனே உருட்டத் தொடங்கினேன். கோல் கோழிமுட்டைபோல் ஆயிற்று. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. சட்டத்தின் பக்கத்தை 24 பங்காக்கி, 7, 10, 7 எனக் கோடு போடச் சொன்னார். மூலைகளை அக்கோடுவரை சீவினால் எண்கோணம் கிடைக்கும். அதன் மூலைகளைச் சீவினால் 16 பட்டைகள். உருண்டை பிறகு தானே வரும்.

முன்கட்டைக்கும் இதுவே வழி. குழலைப் பள்ளத்திலிருந்து எடுக்காமலே வேலை செய்வார்கள். எடுத்தால் மெல்லிய மரம் வளைந்து முறியக்கூடும். முதலில் பக்கங்களைக் குழலுக்கு இணையாகச் சீவ வேண்டும். பல குழல்கள் நடுவில் மெலிந்து நுனியில் சற்றே விரியும். மரமும் அவ்வாறே விரிய வேண்டும். பின் அடிமூலைகளைச் சாய்வாகச் சீவி, பட்டைகளை நுனிவரை நேராகக் கொண்டுபோக வேண்டும். ஒரு பட்டை கோணினால் அது உடனே கண்ணுக்குத் தெரியும். உருட்டிய பின்போ தவறு ஒளிந்துகொள்ளும்.

அலையலையான நார் ஓடும் மேப்பிள் மரத்தில் இழைப்புளி ஓட்டினால் மரம் பிய்ந்துவரும். எனவே அரத்தால் அராவி, கூரிய எஃகுத் தகட்டால் சுரண்டி முடிப்பார்கள். அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் நகரில், வாலஸ் கஸ்லர் என்னும் கைவினைஞர் பழைய முறையில் கையாலேயே ஒரு முழுத் துப்பாக்கியைச் செய்வதை 1969இல் படமாக்கியிருக்கிறார்கள்.

நேயர்களே, உள்ளே குழலும் துளையும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர் துணிந்து சீவுகிறார். தெரியாதவர் அஞ்சி மரத்தை விட்டுவைக்கிறார், அல்லது அளவு மீறிக் கெடுக்கிறார். மாணவர் கையில் உளியைக் கொடுக்குமுன் பென்சிலையும் அளவுகோலையும் கொடுப்போம்.