ஆசனவாய் வெடிப்பு: தடுப்பும் சிகிச்சையும்

(தேவாரத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வெளியே சொல்ல நாணி மக்கள் மறைக்கும் நோய்களுள் ஆசனவாய் வெடிப்பும் ஒன்று. இறுகிய மலம் வெளியேறுகையில் ஆசனவாயின் மெல்லிய தோல் கிழிந்து கடும் வலியும், எரிச்சலும், செந்நிற இரத்தமும் காணும். இதனை மூலமென்றே பலரும் எண்ணிவிடுகின்றனர்.

விடியலில் ஏலத் தோட்டத்திற்கு மலையேறும் நம் பெண்கள், அங்கே கழிப்பிடம் இல்லையெனில் தண்ணீர் பருகுவதைக் குறைத்து, மலத்தையும் அடக்கிக்கொள்கின்றனர். மலம் இறுகுவதற்கு வேறு காரணமும் வேண்டுமோ?

ஆதலின் கீரை, மொச்சை, கேழ்வரகு, கொய்யா ஆகியவற்றை உண்ணுங்கள். நிறைய நீர் பருகுங்கள். மலத்தை அடக்காதீர்கள், முக்காதீர்கள். வெடிப்பு கண்டோர் இளஞ்சூட்டு வெந்நீரில் 10 நிமிடம், நாளைக்கு இருமுறை அமர்தல் நலம். புதிய வெடிப்பு பெரும்பாலும் 6 வாரத்திற்குள் ஆறிவிடும். ஆறாவிடில், அல்லது இரத்தப்போக்கு நீடித்தால், போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையை நாடுங்கள். களிம்பு மருந்தும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. சுவர் விளம்பரத்தை நம்பி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

தோட்டங்களில் குடிநீரும், இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் வேண்டுமென 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. அவற்றைத் தோட்ட உரிமையாளரிடம் கேட்டுப் பெறுவதும், ஊர்க் கழிப்பறைகளில் தண்ணீர் வற்றாமல் காப்பதும் பஞ்சாயத்தாராகிய நம் கடமையாம்.