தென்கரையிலே ஒரு தோணிப் பயணம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சமயப் பொருளுமன்று, அரசியற் பொருளுமன்று. நம் வாலிபர் சிலர், தென்னிலங்கைக் கரையோரமாகச் சிறு தோணிகளில் துடுப்புப் போட்டுச் சென்று, கூடாரமடித்துத் தங்கி, ஆறுதலாகச் சில நாட்களைக் கழித்துவர ஆசை கொண்டுள்ளனர். பெற்றோருட் பலரோ, "நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்குக் கடலில் என்ன வேலை?" என்று கேட்கின்றனர். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆகவே ஆசையையும் அச்சத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வோம்.

நம் முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, மலையேறினார்கள். அந்த நடையிலே மாண்டவர் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப் பிள்ளைகளான நம்மிடையே, கடலைப் படத்தில் மாத்திரம் பார்த்தவர்களும் இன்றுவரை உளர். நம் ஊரைத் தழுவிச் செல்லும் மகாவலியோ 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கத்துக் கடலிற் கலக்கின்றது. நம் ஆற்று நீர் போய்ச் சேரும் கடலை நாம் போய்ப் பார்த்தலாகாதா?

வாலிபர் விரும்பும் தோணிக்குக் கயாக் என்று பெயர். வடதுருவத்தை அண்டிய பனிநாட்டு மக்கள், மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து, வேட்டைக்குப் பயன்படுத்திய ஒடுங்கிய வள்ளம் அது. இன்று அது பிளாஸ்டிக்கினால் வார்க்கப்படுகிறது. ஒரே தண்டில் இருபுறமும் அலகுடைய துடுப்பை மாறி மாறிப் போட வேண்டும். கட்டுமரம் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த இனத்தவர் நாம். வடதுருவத்தாரிடம் ஒரு வள்ளத்தை வாங்கிக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

இனி, காலத்தைக் கவனிப்போம். தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை தென்கரையில் அலையை எழுப்பும். அக்காலத்தில் அங்கே தோணிப் பேச்சே கூடாது. மார்கழி முதல் பங்குனி வரை அக்கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். ஆதலால் தைப்பொங்கலுக்கும் மகா சிவராத்திரிக்கும் இடையே, பௌர்ணமி விடுமுறையோடு சேர்த்து ஐந்து நாட்களை ஒதுக்குவது நன்று. நிலவும் துணைக்கு வரும். ஆனால் பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றுவதும் பெருகுவதும் கூடுதலாயிருக்கும். கூடாரமடிக்கும்போது அதை மறக்கலாகாது.

வழி இது. முதல் நாள் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோரப் புகையிரதத்தில் காலியைத் தாண்டிக் கொக்கலைக்குச் சேர்தல். இரண்டாம் நாள் கொக்கலைக் களப்பு. அலையற்ற நீர், கண்டல் மரங்கள், சின்னஞ்சிறு தீவுகள். முதன்முதல் துடுப்புப் பிடிப்பவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் வெளியிட்ட 'மடோல் தூவ' என்ற சிங்கள நாவலுக்குப் பெயர் தந்த தீவு இங்கேதான் உள்ளது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கனடிய விமானி லெனர்ட் பேர்ச்சல் இக்களப்பிலிருந்து நீர்விமானத்தில் கிளம்பி, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். கொழும்பு மறுநாட் குண்டுவீச்சுக்கு ஆயத்தமாக அது உதவியது. களப்புக் கடலோடு சேரும் வாயில் இழுவை உண்டு. அப்பக்கம் தோணி போகலாகாது.

மூன்றாம் நாள் வெலிகமக் குடா. அங்கே கரையை விட்டு விலகாமல், இடம் அறிந்த மீனவர் ஒருவருடைய வள்ளம் கூடவே வரச் செல்ல வேண்டும். நான்காம் நாள் தோணியை ஒப்படைத்துவிட்டு, மாத்தறை வழியாகப் பஸ்ஸிலே தெய்வந்துறைக்குப் போவோம். மாத்தறையில் நில்வளா கங்கை அழகாகத் தோன்றும்; அதில் முதலைகள் உண்டு, ஆட்களைத் தாக்கியும் இருக்கின்றன. தெய்வந்துறை முனையோ இலங்கையின் தென்கோடி. அதைத் தோணியிற் சுற்றுவது பழகியவர் தொழில், நமக்கு வேண்டாம்.

தெய்வந்துறையிலே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தென்னாவரம் என்று புகழ்பெற்ற பெருங்கோயில் இருந்த இடம் அது. 14ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த இபின் பதூதா என்னும் யாத்திரிகர் அதன் செல்வத்தை வியந்து எழுதினார். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனக் கல்வெட்டொன்று 1911இல் காலியிற் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் அமைந்த அக்கல்லின் தமிழ்ப் பகுதி, தென்னாவரை நாயனாருக்குச் சீன மன்னர் அனுப்பிய காணிக்கைகளைச் சொல்கிறது. அது இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தழித்தனர். இப்போது அங்கே விஷ்ணு தேவாலயமும் விகாரையும் விளங்குகின்றன. அவ்விடத்தை வணங்கி, அன்றே கதிர்காமம் சென்று மாணிக்க கங்கையில் நீராடி முருகனைத் தரிசித்து, ஐந்தாம் நாள் ஊர் திரும்பலாம்.

நிற்க. பெற்றோரின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் பல நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். விளையாட்டாய்ப் போனவர்களும் அவர்களுள் அடங்குவர். ஆகையால் நாம் சில விதிகளை வைக்கிறோம்.

நீச்சல் அறியாதவர் தோணியில் ஏறலாகாது. இன்றிலிருந்து பயணம் வரை உள்ள மாதங்களில், பயிற்றுநர் முன்னிலையில் நீச்சற் குளத்தில் அனைவரும் பழகட்டும். மேலே பெய்யும் மழைக்குத் திடீரெனப் பெருகும் மகாவலியில் தாமாகப் பழகுவது வேண்டாம். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றலாகாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முன் கரையேற வேண்டும். அதன்பின் கடற்காற்று வலுக்கும், வெயிலும் சுடும். மணிக்கு நான்கு கிலோமீற்றர் போனாற் போதும். கூட்டத்தில் மெதுவானவனின் வேகமே எல்லோருடைய வேகமும் ஆகும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் பாதகமாயிருந்தால், பணம் போனாலும் பயணம் நிற்கட்டும்.

கூடாரத்தைத் தென்னையின் கீழ் அடிக்கலாகாது. விழுகின்ற தேங்காய் ஆள் பார்த்து விழாது. நில உரிமையாளரிடம் அனுமதி பெற்று, கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் தெரிவித்துத் தங்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் நல்ல நீர் வேண்டும். தென்கரை மணலில் இரவிலே கடலாமைகள் முட்டையிட வருவதுண்டு. கரையில் தீ மூட்டுவதும் டோர்ச் அடிப்பதும் அவற்றைக் கலைத்துவிடும்.

இன்னுமொன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, நாம் போகும் இதே புகையிரதப் பாதையில், பெரலியவிலே ஒரு புகையிரதத்தை ஆழிப்பேரலை அள்ளிச் சென்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல் அலைக்குப்பின் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்த்து நின்றவர்களும் தென்கரையிலே இறந்தனர். நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, பொருளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். இதைப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் வாயாற் சொல்லிக் காட்ட வேண்டும்.

கடைசியாகச் செலவு. நாட்கூலி வீட்டுப் பிள்ளைக்கும் கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே தொகை விதிப்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது ஒருவனை வீட்டிலே நிறுத்திவிடும். இயன்றவர் இயன்றதைச் சங்கப் பெட்டியில் இடட்டும். யார் எவ்வளவு இட்டார் என்பதைப் பொருளாளர் மாத்திரம் அறியட்டும்.

வாலிபர்களே, விதிகள் அதிகமென்று முணுமுணுக்க வேண்டாம். ஆயத்தம் செய்தவனுக்கே ஆறுதல் உண்டு. பெரியோர்களே, நீங்கள் பிள்ளைகளைத் தடுத்தால் அவர்கள் சொல்லாமற் போவார்கள். துணைநின்றால் சொல்லிவிட்டுப் போய்ச் சொன்ன நாளில் திரும்புவார்கள். உங்களுள் நீரறிந்த இருவர் கூடவே வர முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். புறப்படும் தொகையும் திரும்பும் தொகையும் ஒன்றாயிருப்பதே இப்பயணத்தின் வெற்றி. அதற்குக் கதிர்காமக் கந்தன் திருவருள் துணைபுரிவதாக.