கோபிநத்தத்தில் யாரைப் பார்க்கப் போகிறோம்?

(நம் சங்கத்தின் மைசூர் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஓர் அன்பர், தாம் குழுவாகப் போய் வந்த எகிப்து, மொராக்கோ சுற்றுலாவைப் பற்றி வெகு ரசமாகப் பேசினார். அதற்குப் பின் என்னைப் பேசச் சொன்னது கொஞ்சம் சங்கடமான காரியம். என்னிடம் இருப்பது கெய்ரோவும் இல்லை, ஃபெஸ்ஸும் இல்லை. இங்கிருந்து வேன் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பேர் போய் வந்த கோபிநத்தம்தான்.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் உங்கள் மனதில் ஒரு மீசை தோன்றியிருக்கும். எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் திரும்பி வரும்போது எங்கள் வேனில் பேசப்பட்ட பெயர் வேறு. அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. கோபிநத்தம் காவிரிக் கரைக் காட்டுக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் சின்னக் கிராமம். கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. மொழிவாரிப் பிரிவினையில் மைசூர் ராஜ்யத்துக்கு வந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஜனங்கள் இடம் மாறவில்லை, சர்க்கார் முகவரிதான் மாறிக்கொண்டே வந்தது. இன்றும் அங்கே வீட்டுப் பேச்சு தமிழ்தான்.

மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலை சுமார் 150 கிலோமீட்டர். அங்கே இரவு தங்கி, ஸ்வாமி தரிசனம் செய்துகொண்டு, காலையில் புளியோதரைப் பொட்டலத்துடன் பாலாறு வழியாகக் கிளம்பினோம். சுற்றிலும் காவிரி வனவிலங்கு சரணாலயம். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் நடக்க முடியாது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் 'கோபிநத்தம் மிஸ்டரி டிரெயில்ஸ்' என்ற பெயரில் அங்கே முகாம் அமைத்தது.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் உள்ளூர் இளைஞர். "சார், வர்றவங்க எல்லாம் வண்டியை விட்டு இறங்கினதும் கேக்கறது ஒண்ணுதான், வீரப்பன் வீடு எங்கேன்னு" என்றார். எங்கள் கூட்டத்திலும் அந்தக் கேள்வி வந்தது. அவரும் சளைக்காமல் கதை சொன்னார். 1952-ல் இந்த ஊரில் பிறந்தவன், யானைத் தந்தத்துக்கும் சந்தனத்துக்கும் காட்டை அழித்தவன், 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையின் குண்டுக்கு இரையானவன். எல்லாம் நாம் பத்திரிகையில் படித்ததுதான்.

பிறகு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே பேன்ட், சட்டை அணிந்த ஒருவரின் படத்துக்கும் மரியாதை நடக்கிறது. எங்களுடன் வந்த மாமி ஒருவர், "இவர் யாருப்பா, தர்மகர்த்தாவா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா, கோயிலைக் கட்டிக் கொடுத்த ஃபாரஸ்ட் ஆபீசர்" என்றார் அந்த இளைஞர்.

அவர்தான் பி. ஸ்ரீநிவாஸ். ராஜமுந்திரியில் 1954-ல் பிறந்த தெலுங்கர். இந்திய வனப்பணி அதிகாரி. 1986-ல் வீரப்பன் ஒரு முறை பிடிபட்டதற்கு இவர் முக்கிய காரணம். ஆனால் அவன் காவலிலிருந்து தப்பி விட்டான். துப்பாக்கியால் மட்டும் இது தீராது என்று ஸ்ரீநிவாஸ் நினைத்தார். கோபிநத்தத்திலேயே வந்து தங்கினார். வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்தார், ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்தார், கோயில் எழுப்பினார். ஊர் ஜனங்களிடம் பேசிப் பேசி, கூட்டாளிகள் பலரைச் சரணடைய வைத்தார். வீரப்பனும் சரணடையத் தயார், ஆயுதமின்றி வரவேண்டும் என்று செய்தி வந்தது. நம்பிப் போனார். 1991 நவம்பர் 10-ஆம் தேதி காட்டுக்குள் கொல்லப்பட்டார். வயது 37. மறு ஆண்டு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது.

நானும் சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். மாற்றல் உத்தரவு வந்தால் ரேஷன் கார்டை மாற்றுவதற்குள் அடுத்த ஊருக்குப் போவதுதான் எங்கள் பிழைப்பு. ஓர் அதிகாரியின் படத்தை ஜனங்கள் ஸ்வாமி சந்நிதியில் வைப்பது எந்த சர்வீஸ் ரூலிலும் இல்லாத பதவி உயர்வு.

வீரப்பனைப் பற்றி 2013-ல் தமிழ்ப் படம், 2016-ல் கன்னடப் படம், 2023-ல் இணையத் தொடர்கள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. மொராக்கோ போய் வந்த அன்பர் சொன்ன விஷயம் இங்கே எனக்கு ஞாபகம் வருகிறது. 1942-ல் வெளியான 'காஸாபிளாங்கா' படம் அந்த ஊரில் எடுத்ததே இல்லை. ஹாலிவுட்டில் செட் போட்டு எடுத்தது. ஆனாலும் வருகிறவர்கள் அந்தப் படத்தில் வரும் மதுக்கூடத்தைத் தேடினார்கள். கடைசியில் 2004-ல் ஓர் அமெரிக்கப் பெண்மணி அதே மாதிரி ஒன்றை அங்கே திறந்தே விட்டார்! அதே நாட்டில், ஃபெஸ் நகரின் கராவிய்யீன் கி.பி. 859-ல் தொடங்கி இன்றும் நடக்கிற கல்விச்சாலை. சுற்றுலாப் பயணி எதைக் கேட்கிறானோ அதைத்தான் ஊர் காட்டும். கேள்வி மாறினால் ஊரும் வேறு முகம் காட்டும்.

சயன்ஸ் படித்தவன் என்பதால் காட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சந்தன மரம் பாதி ஒட்டுண்ணி. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் செலுத்திச் சத்தை வாங்கிக்கொள்ளும். மணம் உள்ள வைரம் பாய்வதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். வெட்ட அரை மணி நேரம் போதும். நம் நாட்டு யானைகளில் ஆணுக்கு மட்டுமே தந்தம் உண்டு. தந்தத்துக்காகக் கொன்றால் செத்ததை மட்டும் எண்ணிப் பயனில்லை. ஆண் குறைந்து, கூட்டத்தின் விகிதமே கெட்டுவிடும். அந்த நஷ்டம் கணக்கில் வர ஒரு தலைமுறை ஆகும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். பிறகு நடந்த தேடுதல் வேட்டையில், எல்லையின் இரு பக்கமும் ஒன்றுமறியாத மலை ஜனங்களும் அடி வாங்கினார்கள். நீதிபதி சதாசிவா குழு விசாரித்து, தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. காட்டிலிருந்து அவனும் காக்கிச்சட்டையும் மாறி மாறிக் கதவைத் தட்டிய கிராமங்கள் அவை. நாம் அங்கே போய் இறங்கியதும் 'வீரப்பன் வீடு எங்கே' என்று கேட்பது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே, போகிற அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கோயிலைக் கட்டியது யார்? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள்? இப்போது காட்டில் என்ன முளைக்கிறது? எங்கள் வழிகாட்டி முதல் கதையைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். இந்தக் கேள்விகள் வந்ததும் நின்று, யோசித்து, தன் பாட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதுதான் அன்றைய யாத்திரையின் பலன்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ஆம் தேதி தேசிய வனத் தியாகிகள் தினம். நவம்பர் 10 ஸ்ரீநிவாஸ் மறைந்த நாள். மழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும் அந்த நவம்பரில் இன்னொரு குழு புறப்படலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்து, அந்தப் படத்துக்கும் ஒரு மாலை போட்டுவிட்டு வரலாம். நடக்கத் தெம்பும், மாத்திரை டப்பாவும், ஒரு தொப்பியும் இருந்தால் போதும்.