வெற்றி தோல்வியின்றி

இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடும் நாளில் நம் கடைவீதிகள் ஓய்ந்து விடுகின்றன. கலியாணப் பந்தலில் தாலி கட்டும் வேளையிலும் யாரோ ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் மெல்ல ஸ்கோர் கேட்கிறார். இதனை நாம் எல்லோரும் அறிவோம். அவ்வளவாக நாம் நினைத்துப் பாராத செய்தி ஒன்று உண்டு. இவ்விரு நாடுகளும் இதுவரை ஆடியுள்ள டெஸ்ட் பந்தயங்கள் 59. அவற்றுள் பாகிஸ்தான் வென்றவை 12. இந்தியா வென்றவை 9. எஞ்சிய 38 பந்தயங்களில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. உலகமே உற்று நோக்கும் போட்டி என்று பேசுகிறோம். அந்தப் போட்டியோ மைதானத்தில் பெரும்பாலும் முடிவு காணாமலே கலைந்திருக்கிறது. இது ஏன் இவ்வாறாயிற்று என்பதை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

போட்டி என்றோம். தொடக்கத்தில் அது பாகம் பிரிந்த குடும்பத்தின் பிணக்காகவே இருந்தது. 1952 அக்டோபரில் டில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் முதல் பந்தயம் நடந்தபோது பாகிஸ்தான் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் அப்துல் ஹபீஸ் கர்தார். இவர் 1946-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டியில் அப்துல் ஹபீஸ் என்னும் பெயரோடு மூன்று டெஸ்ட் பந்தயங்கள் ஆடியவர். இந்தியக் கோஷ்டியின் தலைவர் லாலா அமர்நாத்தோ லாகூரில் வளர்ந்து அங்கே ஆட்டம் பயின்றவர். 1946-இல் இவரும் இங்கிலாந்து சென்றிருந்தார். நாணயம் சுண்டச் சென்ற இருவரும் ஆறாண்டுகளுக்கு முன் ஒரே கோஷ்டியில் ஆடியவர்கள் என்றால், அந்தக் காலையில் இருவர் மனத்திலும் என்னென்ன ஓடியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

டில்லியில் வினூ மன்காட் 13 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா ஓர் இன்னிங்ஸ் 70 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. அடுத்து லக்னோவில், கோமதியாற்றங்கரையில், சணல் விரிப்பின் மேல் நடந்த இரண்டாவது பந்தயத்தில் பஸல் மஹ்மூது 12 விக்கெட்டுகளை வீழ்த்த, பாகிஸ்தான் ஓர் இன்னிங்ஸ் 43 ஓட்டங்களால் பழி தீர்த்துக்கொண்டது. இந்தப் பஸல் மஹ்மூதும் 1947-இல் ஆஸ்திரேலியா செல்லவிருந்த இந்தியக் கோஷ்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவரே. நாடு பிரிந்தது, அவர் செல்லவில்லை. பம்பாயில் மீண்டும் இந்தியா வென்றது. நான்காவது பந்தயம் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. பாகிஸ்தானின் கடைசி விக்கெட்டுக்கு ஜுல்பிகர் அகமதும் அமீர் இலாஹியும் சேர்ந்து 104 ஓட்டங்கள் குவித்தார்கள். அமீர் இலாஹிக்கு அப்போது வயது 44. அவர் 1947 டிசம்பரில் சிட்னியில் இந்தியாவுக்காக ஆடியவர்! பிறகு மழை வந்தது. பந்தயம் வெற்றி தோல்வியின்றி நின்றது.

மழையால் நின்ற அந்தச் சென்னைப் பந்தயம் ஒரு நீண்ட வரிசைக்கு முதலாக அமைந்துவிட்டது. அதனை அடுத்த கல்கத்தாப் பந்தயத்திலும் முடிவில்லை. 1954-55-இல் இந்தியக் கோஷ்டி பாகிஸ்தான் சென்றது. ஐந்து பந்தயங்கள், ஐந்திலும் முடிவில்லை. 1960-61-இல் பாகிஸ்தான் இங்கு வந்தது. மீண்டும் ஐந்து, மீண்டும் முடிவில்லை. அவ்வாண்டு சென்னையில் நடந்த பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். பாகிஸ்தான் 8 விக்கெட்டுகளுக்கு 448 எடுத்தது. இந்தியா 9 விக்கெட்டுகளுக்கு 539 எடுத்தது. சந்து போர்டே ஆட்டமிழக்காமல் 177 அடித்தார். அதற்குள் ஐந்து நாட்களும் ஏறக்குறையத் தீர்ந்து போயின.

மட்டைக்குச் சாதகமான ஆடுகளங்களைக் குறை கூறலாம். பந்து வீச்சின் வலிமைக் குறைவைக் கூறலாம். அவற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் இரு நாடுகளும் அதே காலத்தில் பிற நாடுகளோடு ஆடியபோது வென்றிருக்கின்றன, தோற்றிருக்கின்றன. இவர்கள் இருவர் சந்திக்கும்போது மட்டும் வெல்லும் ஆசையைவிடத் தோற்கும் அச்சம் மிகுதியாக இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்திடம் தோற்றால் ஒரு பந்தயம் தோற்றதாகக் கருதப்படும். அண்டை நாட்டிடம் தோற்றால், நாடு பிரிந்தது சரியா தவறா என்ற வழக்கிலேயே தோற்றுவிட்டதாக இரு புறத்தாரும் எண்ணினார்கள். அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு எந்தக் காப்டன் துணிந்து ஆடுவான்?

இங்கே நாம் வியக்க வேண்டிய ஒன்று உண்டு. மைதானத்திற்குள் அச்சம் உறைந்து நின்ற அதே நாட்களில் மைதானத்திற்கு வெளியே மக்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். 1955 ஜனவரி இறுதியில் லாகூரில் மூன்றாவது பந்தயம் தொடங்கியது. பிரிவினையின் படுகொலைகள் நிகழ்ந்து அப்போது எட்டாண்டுகள்கூட நிரம்பவில்லை. பஞ்சாபில் உறவினரை இழக்காத வீடுகள் இரு புறத்திலும் அரிது. எனினும் அந்தப் பந்தயத்திற்காக எல்லை திறந்துவிடப்பட்டது. அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வாகா எல்லையைக் கடந்து லாகூர் சென்று ஆட்டம் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆட்டம் சுவையற்றது. அவர்களில் பலர் ஆட்டத்தைக் காணவா போனார்கள்? தாங்கள் பிறந்த தெருவைப் பார்க்கவும், பழைய அண்டை வீட்டாரைத் தேடவும் கிரிக்கெட் ஒரு சாக்காயிற்று.

1961-க்குப் பின் 17 ஆண்டுகள் இரு கோஷ்டிகளும் டெஸ்டில் சந்திக்கவே இல்லை. இடையில் 1965, 1971 ஆகிய இரு யுத்தங்கள் நடந்து முடிந்தன. 1978-இல் பிஷன் சிங் பேடியின் தலைமையில் இந்தியா பாகிஸ்தான் சென்றது. பைசலாபாத்தில் ஆடிய முதல் பந்தயம், வழக்கம் போல், முடிவின்றிப் போயிற்று. அது தொடர்ச்சியாகப் பதின்மூன்றாவது. லாகூரில்தான் அந்த வரிசை அறுந்தது, பாகிஸ்தான் வென்றது. கராச்சியிலும் கடைசி நாள் மாலையில் 164 ஓட்டங்களை விரைந்து அடித்து வென்றது. பேடியின் தலைமைப் பதவி போயிற்று. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் இங்கு வந்து பம்பாயிலும் சென்னையிலும் தோற்றது. அதன் தலைவர் ஆசிப் இக்பால் அத்தொடருக்குப் பின் டெஸ்ட் ஆடவில்லை. அவர் நம் ஹைதராபாத்தில் பிறந்தவர் என்பதையும் சொல்லி வைப்போம். முன்னிருந்த காப்டன்கள் அஞ்சியது வீணன்று என்பது விளங்குகிறதல்லவா?

ஒருநாள் ஆட்டங்கள் பெருகிய பின் முடிவின்றித் தப்பிக்க வழி இல்லாமற் போயிற்று. 1986 ஏப்ரலில் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் 4 ஓட்டங்கள் வேண்டியிருந்தபோது ஜாவேத் மியான்தாத் சிக்ஸர் அடித்தார். பந்து வீசியவர் சேத்தன் சர்மா என்னும் இருபது வயது இளைஞர். மறு ஆண்டு உலகக் கோப்பையில் முதன் முதலாக ஹாட்ரிக் எடுத்தவரும் இவரே. அந்தச் சாதனையைச் சொல்லுவோர் சிலர். அந்த ஒரு பந்தைச் சொல்லாதவர் இல்லை. இது நியாயமா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி 1999-க்கு வருவோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் டெஸ்ட் ஆட இந்தியா வந்தது. முதல் பந்தயம் டில்லியில் நடப்பதாக இருந்தது. எதிர்ப்பாளர்கள் அங்கே ஆடுகளத்தைத் தோண்டிச் சேதப்படுத்தவே சென்னைக்கு மாற்றினார்கள். ஜனவரி 31, நான்காம் நாள். வெற்றிக்கு வேண்டியது 271. ஐந்து விக்கெட்டுகள் 82-க்கு வீழ்ந்துவிட்டன. டெண்டுல்கரும் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் கூட்டினார்கள். முதுகு வலியால் டெண்டுல்கர் நிமிர முடியாமல் தவித்ததை அரங்கம் முழுவதும் கண்டது. 136 எடுத்த நிலையில், இன்னும் 17 வேண்டியிருக்க, சக்லைன் முஷ்டாக் பந்தில் அவர் ஆட்டமிழந்தார். அதன் பின் நான்கே ஓட்டங்களில் எல்லாம் முடிந்தது. 12 ஓட்டங்களில் தோல்வி.

அரங்கில் முதலில் அமைதி. பிறகு எங்கோ ஒரு பக்கத்தில் கைத்தட்டல் எழுந்தது, அது பரவியது, கூட்டம் எழுந்து நின்றது. வாசிம் அக்ரமும் அவர் தோழர்களும் திகைத்து, பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்கள். சென்னைவாசிகள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். தோல்வி அவர்களுக்கும் கசந்தது. இருப்பினும் 1997-இல் இதே மைதானத்தில் சயீத் அன்வர் நமக்கெதிராக 194 அடித்தபோதும் அவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். கசப்பை விழுங்கிக்கொண்டு எதிரியின் திறமையை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பழக்கம் எங்கும் இருந்தது என்று நாம் ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று வாரத்திற்குள் கல்கத்தாவில் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதையொட்டிக் கலவரம் மூண்டு, இறுதி நாளில் அரங்கைக் காலி செய்துவிட்டு வெற்று நாற்காலிகளுக்கு முன்னே பந்தயத்தை முடித்தார்கள். அவ்வாண்டே கார்கில் யுத்தமும் வந்தது.

2004-இல் இந்தியா முதன் முறையாகப் பாகிஸ்தான் மண்ணில் ஒரு டெஸ்ட் தொடரை வென்றது. முல்தானில் சேவாக் 309 அடித்தார். 2007 டிசம்பரில் பெங்களூரில் ஆடிய பந்தயம் முடிவின்றிப் போயிற்று. அதற்குப் பின் இன்று வரை டெஸ்ட் இல்லை. 2013 ஜனவரிக்குப் பின் இரு நாடுகளுக்குள் எந்தத் தொடரும் இல்லை. வேற்று நாட்டார் நடத்தும் கோப்பைகளிலும் பல நாடுகள் சேரும் போட்டிகளிலுமே சந்திக்கிறார்கள். பஹல்காம் படுகொலையும் அதை அடுத்த சண்டையும் நிகழ்ந்த 2025-ஆம் ஆண்டில், துபாயில் செப்டம்பர் மாதம் மூன்று முறை ஆடினார்கள். இந்திய ஆட்டக்காரர்கள் கை குலுக்கவில்லை. ஆடலாமா, கூடாதா என்பது அரசாங்கங்கள் தீர்மானிக்க வேண்டியது. அதில் நாம் கருத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் ஆடுவது என்று தீர்மானித்த பின் ஐந்து நாட்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தை மட்டும் விலக்கி வைத்து, மூன்றரை மணி நேர ஆட்டத்தை வைத்துக்கொண்டிருப்பது நமக்கு விளங்கவில்லை. விளம்பரக்காரர்களுக்கு ஒருவேளை விளங்கும்.

சேப்பாக்கத்தில் அந்தக் கூட்டம் எழுந்து நின்ற நாளில் சென்னைச் சிறுவன் ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு வயது 12. பின்னாளில் அவர் இந்தியாவுக்காக 106 டெஸ்ட் பந்தயங்கள் ஆடி 537 விக்கெட்டுகளை வீழ்த்தி 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். விராட் கோஹ்லி 123 பந்தயங்கள் ஆடி 2025 மே மாதத்தில் டெஸ்டிலிருந்து விலகினார். இருவரும் ஆடிய அத்தனை பந்தயங்களுள் பாகிஸ்தானோடு ஆடியது ஒன்றுகூட இல்லை.