நம் காசில் ஒரு பெரிய கருவி



போன வாரப் பாடத்தில் ‘வரி’ என்ற சொல் வந்தது. ஓர் அக்கா, “நான் கூலி வேலை செய்கிறவள். நான் எங்கே வரி கட்டுகிறேன்?” என்று கேட்டார். கடையில் சோப்பு வாங்குகிறோமே, அந்த விலையிலேயே வரி இருக்கிறது. அந்தக் காசில் சாலை போடுகிறார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். பெரிய விஞ்ஞானக் கருவிகளும் கட்டுகிறார்கள். அப்படி ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச்சு.

மகாராஷ்டிரத்தில், புனேயிலிருந்து நாசிக் போகிற சாலையில் நாராயண்காவ் என்று ஓர் ஊர். அதற்குப் பக்கத்தில் கோடத் கிராமம். அங்கே குடையை மல்லாத்தி வைத்த மாதிரி 30 கிண்ணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம். அதாவது ஏறக்குறைய 150 அடி! 14 கிண்ணங்கள் நெருக்கமாக இருக்கின்றன. மற்ற 16-ம் மூன்று பக்கமாக, 25 கிலோமீட்டர் வரை பரவி நிற்கின்றன. இதுதான் ரேடியோ தொலைநோக்கி. வானத்திலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைகளை இது வாங்குகிறது.

இதைக் கட்ட முன்னின்றவர் கோவிந்த் ஸ்வரூப். 1970-ல் நம் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை அமைத்தவரும் அவர்தான். கோடத்தில் கிண்ணங்களைத் தகட்டால் மூடவில்லை. மெல்லிய கம்பி வலை போட்டார்கள். காற்று அதில் புகுந்து போய்விடும். அதனால் இரும்பு குறைந்தது, செலவும் குறைந்தது. நம் வீட்டுச் செலவு மாதிரி யோசித்திருக்கிறார்கள்!

பணம் மத்திய அரசின் அணுசக்தித் துறை வழியாக வருகிறது. நடத்துவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் புனே மையம். ஆனால் எந்த நட்சத்திரத்தைப் பார்ப்பது என்று மந்திரி சொல்வதில்லை. விஞ்ஞானிகள் மனுப் போட வேண்டும். ஒரு குழு படித்துப் பார்த்து, நல்ல மனுவுக்கு நேரம் ஒதுக்கும். 2002 முதல் வெளிநாட்டாரும் மனுப் போடுகிறார்கள். நம் காசில் கட்டியதை அவர்களுக்கு ஏன் தர வேண்டும்? நம் விஞ்ஞானிகளும் அவர்கள் நாட்டுக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்களே!

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு சுமார் 1500 கோடி ரூபாய். மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகுமோ என்று மக்கள் பயந்தார்கள். வழக்குகள் வந்தன. 2022-ல் தமிழக அரசும் இத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஆபத்தில்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். டெல்லியில் கையெழுத்துப் போடும் முன்பே ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நாமும் கேட்கலாம். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. எவ்வளவு செலவு, யார் முடிவு செய்தார்கள் என்று தமிழ்நாட்டிலிருந்து தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். நாளைக்கு ஒரு வெள்ளைத்தாள் கொண்டு வாருங்கள். மனு எழுதிப் பார்ப்போம்.