பெயர் தெரியாத குரல்

(பதுளையில் நடைபெற்ற பாராட்டுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சட்டசபை என்றதும் உறுப்பினர்களின் முகமே நம் நினைவுக்கு வருகிறது. மாலையும் அவர்களுக்கே, வசையும் அவர்களுக்கே. அவர்கள் பேச்சைக் குறித்தெடுக்கும் சுருக்கெழுத்தாளரையும், பிறமொழியில் எடுத்துரைக்கும் உரைபெயர்ப்பாளரையும் எவர் நினைக்கிறார்? இன்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், மகிழ்கிறேன்.

1948 ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, மலையகத்திலிருந்து சென்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினர்கள் எதிர்த்து நின்றார்கள். நம் பதுளைத் தொகுதியின் எஸ். எம். சுப்பையாவும் அவ்வணியில் இருந்தவர். சட்டம் நிறைவேறியது. 1952 தேர்தலில் அக்காங்கிரஸின் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ஆசனமும் போயிற்று, வாக்குரிமையும் போயிற்று. அன்று பேசிய பேச்சு மட்டும் போகவில்லை. ஹன்சாட் ஏடுகளில் அது இன்றும் இருக்கிறது. அதைக் குறித்துவைத்த கை யாருடையது? ஹன்சாட் என்பதே இலண்டன் அச்சகத்தார் ஒருவரின் பெயர்தான்! அச்சிட்டவருக்குக் கிடைத்த பேறு எழுதியவருக்குக் கிடைக்கவில்லை.

அக்காலச் சபை ஆங்கிலத்தில் நடந்தது. இன்றோ, பாராளுமன்றத்திலும் மாகாண சபையிலும் உள்ளூராட்சி மன்றத்திலும் உறுப்பினர் தமிழிலேயே கடமையாற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புரை. நல்லது. ஆனால் தமிழறியாத அமைச்சரின் காதில் அது எவ்வாறு ஏறும்?

பசறைப் பக்கத்துத் தொழிலாளிப் பெண் ஒருத்தி, "கொழுந்து குறைந்தது, அரைப்பேர் போட்டுவிட்டார்கள்" என்று முறையிடுகிறாள் என வைத்துக்கொள்வோம். உறுப்பினர் அதை அப்படியே சபையில் சொல்கிறார். அகராதி பார்த்துச் சொன்னால் 'பாதிப் பெயர்' என்று வரும், சபை சிரிக்கும். தோட்டத்தில் பேர் என்பது ஒருநாள் வேலைக் கணக்கு. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்குப் பாதிநாட் சம்பளம் என்பதே அதன் பொருள். இதனை ஒரு மூச்சு விடும் நேரத்தில் சிங்களத்தில் சொல்லியாக வேண்டும். பேச்சாளரோ நிற்கமாட்டார், அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். (நம் உறுப்பினர் சிலர் பேசும் வேகம் நீங்கள் அறியாததன்று.) உரைபெயர்ப்பாளர் தவறினால், அந்தப் பெண்ணின் முறையீடு அமைச்சரைப் பொறுத்தவரை எழவேயில்லை.

ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019 இல் முடிந்தது. மீண்டும் அது கூடும்போது, உறுப்பினர் ஆசனங்களுக்கு ஆள்பஞ்சம் இராது. உரைபெயர்ப்பாளர் நாற்காலிக்கு? இருமொழியும் நாவில் புரளும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். இப்படியொரு தொழில் உண்டென்று, ஆசிரியப் பெருமக்களே, அவர்களுக்குச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் பாதை கேட்கிறோம், கூரைத் தகரம் கேட்கிறோம். அத்துடன், சபையில் தமிழ் உரைபெயர்ப்பாளர் பதவிகள் எத்தனை, அவற்றுள் ஆளுள்ளவை எத்தனை என்றும் கேளுங்கள்.