பசியாவரத்து வலையும் பதினோரு நிமிஷமும்

எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பிலிம் கழுவவே அது பத்தாது!

2019-இல் பழவேற்காட்டிலிருந்து படகில் பசியாவரம் போனேன். கரையில் ஒரு பெரியவர் கிழிந்த நைலான் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவரை இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் கறுப்பு வெள்ளை பிலிமில் இரண்டு ரோல் எடுத்தேன். "படத்தைக் கொண்டாந்து குடு தம்பி" என்றார்.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? டேங்கைக் கையால் கவிழ்த்து நிமிர்த்துவானேன் என்று, கார் வைப்பர் மோட்டாரில் உருளை செய்து, முதல் ரோலை நிற்காமல் சுழலவிட்டேன். ஐ.டி.11 மருந்து, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர். ஐஸ் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். அட்டவணைப்படி 13 நிமிஷம். நெகடிவில் தண்ணீரும் வானமும் ஒரே கரி. பிரிண்டில் வெறும் வெள்ளைக் காகிதம்.

பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இருக்கேன், வலை எங்க தம்பி?"

தப்பு என்னுடையதுதான். அந்த 13 நிமிஷம், நிமிஷத்துக்கு ஒருமுறை பத்து விநாடி மட்டும் டேங்கைக் கவிழ்ப்பதற்கான கணக்கு. டேங்க் சும்மா இருக்கும் நேரத்தில், வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தில் மருந்து சீக்கிரம் சக்தி இழக்கும். அங்கே சேரும் புரோமைடும் வேலையைத் தடுக்கும். நிழல் பகுதியில் செலவு கம்மி. அங்கே வேலை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். ஓயாமல் சுழற்றினாலோ, முகத்துவாரம் திறந்தால் ஏரிக்குள் கடல்நீர் புகுகிற மாதிரி, எல்லா இடத்துக்கும் புது மருந்து வந்துகொண்டே இருக்கும். கான்ட்ராஸ்ட் எகிறிவிடும். ஏரிக்கரை வெளிச்சமோ ஏற்கெனவே கண்ணைக் கூசவைப்பது.

தொடர்ந்து சுழற்றினால் நேரத்தை 15 சதவீதம் வரை குறைக்கவேண்டும் என்று இல்ஃபோர்ட்காரர்களே அச்சடித்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை. (பரீட்சைக்கும் அப்படித்தான், சாருக்குத் தெரியும்.) 13-இல் 15 சதவீதம் போனால் ஏறக்குறைய 11. ஆனால் "வரை" என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். மோட்டார் வேகத்துக்கு ஏற்ப அவரவர் சோதித்துத்தான் தீரவேண்டும்.

கையில் இருந்தது அந்த ஒரே ரோல். அதில் விளையாட பயம். மொட்டைமாடியில் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியையும் ஒரு துண்டு வலையையும் கட்டி, வேறு ரோலில் எடுத்து, 11 நிமிஷம் சுழற்றிப் பார்த்தேன். வேட்டியின் மடிப்பு தெரிந்தது. பிறகுதான் பசியாவரத்து ரோலைக் கழுவினேன். வலையின் ஒவ்வொரு கண்ணும் வந்திருந்தது.

பிரிண்டோடு மறுபடி போனபோது பெரியவர் இல்லை, காலமாகிவிட்டார். மகன்தான் வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் வலைமேல் விரலை வைத்து, "இது அப்பா போட்ட முடிச்சு சார்" என்றார்.

மோட்டார் என் கார் டிக்கியில் இருக்கிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் வாருங்கள்.